ஒற்றைப்படை

பெயர் கூப்பிடுவதுதான் என் வேலை.
பீடோர் அரசாங்க கிளினிக்கில்
ஏழரைக்குக் கதவு திறந்ததும்
மருந்து நெடிக்கும் ஈரக் குடைகளுக்கும் நடுவே
அட்டையில் உள்ளதை உள்ளபடி
உரக்கப் படிக்க வேண்டும்.
பதினெட்டு வருடமாகப் படிக்கிறேன்.
தொண்டை பழகிவிட்டது, யோசிப்பதில்லை.

அன்றும் யோசிக்கவில்லை.
"கதிர்வேலன் ஏ-எல் சின்னப்பன்!"
மகன் என்னும் அந்த இரண்டெழுத்தையும் விடாமல்,
இரண்டாம் தடவை இன்னும் சத்தமாக.

கடைசி வரிசையில் எழுந்து நின்றாள்
மஞ்சள் பஞ்சாபி உடையில்
இடது காலில் துணி சுற்றிய ஒருத்தி.

இருபது பேர் இருமலை மறந்தார்கள்.
ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்;
எதிலிருந்து காப்பாற்ற என்று
இன்றுவரை எனக்குப் புரியவில்லை.
எவனோ சிரித்தான்.
அவள் கவுண்டர் வரை நொண்டி வந்து
என் முகத்தைப் பார்க்காமல்
அட்டையை எடுத்துக்கொண்டு போனாள்,
மழைக்குள்.

அட்டையில் பன்னிரண்டு இலக்கம்.
கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண்,
இரட்டைப்படை என்றால் பெண்.
அவளுடையது ஏழு.
பிறந்த வாரத்தில் யாரோ தட்டிய ஏழு.
வீடு வாடகைக்குக் கேட்டால் அதைப் பார்க்கிறார்கள்.
ராத்திரி ரோட்டில் டார்ச் அடிக்கும் போலீஸ்காரர்
அதைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார்,
மறுபடியும் அதைப் பார்க்கிறார்.
அப்புறம் நடப்பதை அவள் சொல்வதில்லை.

மூன்று வாரம் கழித்து லோரிக்காரர் சொன்னார்:
செம்பனை முள் குத்தின கால்,
மஞ்சள் அரைத்துப் போட்டுப் போட்டு
பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை எடுத்தேன்.
பின்னால் நர்ஸ் ரோஹானா,
மடியில் கட்டுத்துணிப் பை.
பழைய லயத்தில் கடைசி வீடு.

"யாரைத் தேடி வந்தீங்க மிஸி?
கதிர்வேலனா?
அவன் இங்க இல்ல. நான்தான் இருக்கேன்."

பெயர் கேட்டேன்.
பதினெட்டு வருடத்தில்
அட்டையைப் பார்க்காமல் கேட்ட முதல் பெயர்.
"வைரமணி.
மூணாம் ஆண்டுல பக்கத்துல உக்காந்த பிள்ளையோட பேரு.
அப்பவே அது மேல எனக்குப் பொறாமை.
எடுத்துக்கிட்டேன்."

வீட்டுக்குள் தாப்பாவிலிருந்து வந்த இருவர்,
கம்பாரிலிருந்து ஒருத்தி.
கறி கொதிக்கிறது.
ரோஹானா சீழை வழித்துக்கொண்டிருக்க,
நல்ல காலின் நகங்களுக்கு
ஒருத்தி சிவப்பு பூசுகிறாள்.

"கடைசி நம்பர் சரியாத்தான் போட்டிருக்கான்,
நான் ஒத்தப் படைதானே மிஸி!"
"மூணு பேரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோம்,
ஒத்தையாம்ல ஒத்த!"
கரண்டியால் தலையில் ஒரு தட்டு.
எந்த மொழியில் சிரிக்கிறோம் என்று கேட்காமலே
ரோஹானாவும் சிரித்தாள்.

அவள் டிராக்டர் ஓட்டுபவள்.
குலை ஏற்றிய டிரெய்லரை
ஒரே மூச்சில் மேடைக்குப் பின்வாங்க
அந்தத் தோட்டத்தில் வேறு ஆள் கிடையாது.
ஸ்டீரிங் சுற்றும்போது
ஒரு டஜன் கண்ணாடி வளையல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடும்;
ஒன்றுகூட உடையாது.
பழத்தை நிறுக்கும் தராசு அட்டை கேட்பதில்லை.
சம்பளம் மட்டும் கண்டிராக்டர் பேரில் வருகிறது,
அவர் கழித்ததுபோக.
சேமநிதி இல்லை. விடுப்பு இல்லை.
கால் வீங்கிய மூன்று வாரத்துக்கும் காசு இல்லை.

புதன்கிழமை வந்தாள்.
கூடம் நிறைந்திருந்தது, அதே நாற்காலிகள்.
அட்டையைக் கையில் எடுத்தேன்,
கவிழ்த்து வைத்தேன்.

"வைரமணி!"

தொண்டைக்குப் புதிதாக இருந்தது.
கடைசி வரிசையில் வளையல் சத்தம்.
இந்த முறை நேராக என் முகத்தைப் பார்த்து நடந்தாள்,
கொஞ்சம் நொண்டி, நிறைய மிடுக்கு.
அந்தப் பிள்ளை அன்றும் இருந்தது;
சிவப்பு நகங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள்.
பதிவில் இல்லாத பெயரை ஏன் அழைத்தாய் என்று
மேலிடம் விளக்கம் கேட்கிறது.
இரண்டு நாள் யோசித்து ஒரு வரி எழுதினேன்:

கூப்பிட்டேன். அவர் வந்தார்.