அன்னபேதி

காலை ஐந்து ஐம்பதுக்கு முன்வாசலில்
அர்த்தநாரியின் கேனைத் திருப்பி அனுப்பினார்கள்.
சரியாகச் சொன்னால்,
பாலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு
கேனை மட்டும் கொடுத்தார்கள்.
தாளில் நீலம் வந்துவிட்டது.
பெராக்சைடு.
"ராத்திரிப் பாலுங்க,
காடையாம்பட்டி தாண்டறதுக்குள்ள திரிஞ்சுடுது.
ஒரே ஒரு மூடிதானுங்க" என்றாராம்.

கவிழ்த்த நாற்பது லிட்டரும்
ஓடி வந்து சேர்வது என்னிடம்.

கருப்பூர் ஆலையின் பின்புறத்துக்கு யாரும் வருவதில்லை.
தணிக்கைக்காரர்கள்கூட கைக்குட்டையோடு வந்து
கைக்குட்டையோடு போவார்கள்.
தொட்டி கழுவிய நீர், குழாய் கழுவிய காரம்,
பன்னீர் பிழிந்த தெளிவு,
ஆடிப் பதினெட்டை நம்பிப் போட்டு
விற்காமல் திரும்பிய தயிர்ப் பாக்கெட் எழுநூறு.
மூடியைத் திறந்தால்
கக்கிய குழந்தையின் சட்டை வாசம்.
நுண்ணுயிர்கள் தின்று முடித்த பிறகும்
கொஞ்சம் மிஞ்சும், பிடிவாதமாக.
அதற்குத்தான் நான்.

ஆறு பீக்கர், ஆறு துடுப்பு.
அமிலம் சொட்டி பி.எச். மூன்றுக்கு இறக்கினேன்.
தங்காயி பச்சைப் படிகத்தை நிறுத்துப் போட்டாள்.
பில்லில் அது ஃபெரஸ் சல்ஃபேட்.
அவள் வாயில் அன்னபேதி:
சோகைக்கு அவள் அம்மா செந்தூரமாகத் தின்றது.

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்குமாம்.
பிரித்து, பாலைக் குடித்துவிட்டுப் போய்விடும்.
மிச்ச நீரை என்ன செய்தது என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.

பிறகு பெராக்சைடு.
மூடிக்கணக்கில் இல்லை, வாரத்துக்குப் பதினொரு பீப்பாய்.
இரும்பைத் தொட்டதும் உடையும்.
உடைந்து பிறப்பதற்கு ஆயுள்
ஓர் இமைப்பைக் கோடியாய் நறுக்கினால் அதில் ஒரு நறுக்கு.
அதற்குள் எதிர்ப்பட்டதைக் கடித்துவிட்டுச் செத்துப்போகும்.
எனக்குத் தெரிவதெல்லாம்
கொஞ்சம் நுரை, தேநீர் நிறம்,
கண்ணாடியில் இளஞ்சூடு.

நேற்று அறுநூற்று இருபது.
வாரியம் கேட்பது இருநூற்று ஐம்பது.
"போர் தண்ணியைக் கொஞ்சம் கலந்துவிடுங்க மேடம்,
தானா இறங்கிடும்" என்றார் மேலாளர் ஞானசிகாமணி.
கலக்கவில்லை.
ரோஷத்தில் மருந்தை இரு பங்காக்கினேன்.
எண் ஏறியது. எழுநூற்றுப் பத்து.
இன்னும் ஊற்றினேன்.
எண்ணூற்று நாற்பது.

இரவு பதினொன்றரை.
சேர்வராயன் மலையில் ஒற்றை லாரி விளக்கு
கொண்டை ஊசிகளில் மறைந்து மறைந்து இறங்கியது.
இறங்குகிறதா ஏறுகிறதா என்று
கொஞ்ச நேரம் குழம்பியபோதுதான் உறைத்தது.
ஓடிப்போய் முன்வாசல் அலமாரியில்
அந்தத் தாளை எடுத்து வந்தேன்.
என் பீக்கரில் தோய்த்தேன்.

நீலம்.
அர்த்தநாரியின் பாலில் வந்ததைவிட அடர்ந்த நீலம்.
இத்தனை நேரமும் அழுக்கோடு சேர்த்து
என் மருந்தையும் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பங்கைக் குறைத்து முதலிலிருந்து தொடங்கினோம்.
சுண்ணாம்பு கரைத்து ஊற்றினோம்.
துரு கீழே இறங்க, குமிழ் மேலே ஏற,
தங்காயி சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.
இன்னொரு தாள் தோய்த்தேன். வெளுப்பாகவே இருந்தது.
இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்துச் சொட்டுச் சொட்டாக அளந்தால்
இருநூற்று முப்பத்தொன்று.

அடியில் நான்கு விரற்கடை செஞ்சேறு.
அது எங்கே போகும் என்று கேட்காதீர்கள்.
மூட்டை கட்டி வைத்திருக்கிறோம்.
கொட்டகையில் இன்னும் இரண்டு வரிசைக்குத்தான் இடம்.

விடிந்து, தாள் டப்பாவைத் திருப்பி வைக்கப் போனேன்.
கேன்கள் மோதும் சத்தம்.
வரிசையில் ஏழாவதாக
தேய்த்துக் கழுவிய கேனோடு அர்த்தநாரி.
இரண்டு தாள் குறைகிறது, பதிவேட்டில் எழுதுங்கள் என்றார்கள்.
மாதிரி எடுத்த இடம் என்றொரு கட்டம்.
பேனாவை உதறிக்கொண்டு நின்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார்.

பின்வாசல் என்று எழுதினேன்.
முடிவு என்ற கட்டத்தில்,
முதல் தாளுக்கு,
நீலம்.