வாசல் திசை

இருபத்திரண்டு கல்தூண்கள்,
பதினாறு தேக்கு உத்தரங்கள்,
ஓடு மட்டும் நாலு டிராக்டர் நடை.
எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டில் எண்.
சிறுவயலில் பிரித்த இரண்டாங்கட்டு
பள்ளத்தூரில் ஒரு மனையில்
ஐந்து மாதமாய்ப் படுத்துக் கிடக்கிறது
என் கையெழுத்துக்காக.

நான் பேரூராட்சியில் பணி மேற்பார்வையாளர்.
டேப்பும் மட்டக் குழாயும் அலுவலகத்துடையவை,
ஸ்கூட்டி கடனுடையது.

விதி சொல்கிறது:
புதிதாய் எழுப்பும் வீடும்
பெயர்த்துக் கொணரும் வீடும்
உயரம், கூரை, வண்ணம், வாசல் திசை
நான்கிலும் வீதியின் இயல்புக்குப்
பொருந்தி அமைதல் வேண்டும்.

உயரம் பொருந்துகிறது,
பக்கத்து மதிலுக்கு மூன்றடி கீழேயே நின்றுவிடும்.
ஓட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.
வண்ணம் கேட்டேன்.
"நீங்க சொல்றதுதான் தாயி" என்றாள் பஞ்சவர்ணம்.

வாசலில்தான் வழக்கு.

இங்கே ஒரு வீடு இரண்டு வீதி நீளம்.
கிழக்கு வீதியில் முகப்பு, கஜலட்சுமி, பித்தளைக் குமிழ்.
மேற்கு வீதியில் அடுப்படிக் கதவு.
ஆகவே மேற்கு வீதி முழுக்க
முதுகுகள்.
பஞ்சவர்ணம் வாங்கியது
பாகம் பிரிந்து இடிந்த ஒரு வீட்டின்
முதுகுப் பாதி மனை.
அவள் வாசல் வைத்தால்
இத்தனை முதுகுக்கு நடுவில் ஒரு முகம்.

ஆட்சேப மனு ஒன்பது.
ஆறு மின்னஞ்சலில்,
அவற்றில் இரண்டு ஒரே எழுத்துப் பிழையோடு.
நேரில் விசாரிக்கப் போனேன்.
ஏழு வீட்டில் பூட்டுதான் பேசியது.
எட்டாவதில் காவல்காரர்,
"ஐயா சித்திரையில வருவாக."
அவர் தலைக்கு மேல் மொட்டைமாடியில்
செல்போன் கோபுரம்.
அதற்கு விண்ணப்பம் வந்ததாய்
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கோப்பின் ஓரத்தில் எழுதினேன்:
இரங்கூன் மரமும் இத்தாலித் தரையும்
சுதையில் செய்த துப்பாக்கிச் சிப்பாய்களுமாய்
இந்த வீடுகள் வந்திறங்கியபோது
எந்த வீதிக்குப் பொருந்தின?
பிறகு அடித்துவிட்டேன்.
கோப்பில் கேள்விக்குறி போடும் அதிகாரம்
என் பதவிக்குக் கிடையாது.

அதற்காக விதியைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை.
போன ஐப்பசியில்
ரிசார்ட்காரன் இரண்டடி மண் கொட்டி உயர்த்தியதில்
வடக்கே ஓட வேண்டிய மழை திரும்பி
சலவைக்கடை அம்சவல்லி வீட்டுக்குள் போனது.
இஸ்திரிக்கு வந்த நாற்பது சேலையை
நான்தான் எண்ணி மகஜர் எழுதினேன்.
இன்றைக்கு இவளுக்குத் தருகிற உத்தரவின் நகலோடு
நாளைக்கு ஒருவன் மூன்று மாடி லாட்ஜுக்கு வருவான்.

"கிழக்கே நடைபாதை விலைக்குக் கேட்டு
அந்தப் பக்கம் வாசல் வைக்கலாமே?"
"முப்பத்தோரு வருசம் தாயி,
இந்தத் தெருக் கல்யாணம் அத்தனைக்கும்
இந்தப் பக்கமாத்தான் அண்டா தூக்கிட்டுப் போனேன்.
எனக்கு முன்பக்கம் இதுதான்."

அதற்குப் பதில் விதியில் இல்லை.
தளமட்டத்துக்கு இருக்கிறது.
அவள் வரைபடத்தில் இரண்டடி.
இறக்கு என்றேன்.
அடுப்பு நனையும் என்றாள்.
மட்டக் குழாயின் ஒரு முனையை அவள் பிடிக்க
மறுமுனையோடு நான் வாய்க்கால்வரை நடந்தேன்.
குழாய்க்குள் நீர் ஆடி,
ஆடி, நின்றது.
ஒன்பது அங்குலம்.
அவள் அண்டைச் சுவரில்
செங்கல் துண்டால் கோடு கிழித்தாள்.
அண்டைச் சுவரில் கிழிக்கக் கூடாது என்றேன்,
கிழித்த பிறகு.

உத்தரவு:
வாசல் மேற்கே அனுமதிக்கப்படுகிறது.
தளம் ஒன்பது அங்குலத்துக்கு மிகக் கூடாது.
கூரைநீர் ஊரணிக் கால்வாயில் சேர வேண்டும்.
'வீதியின் இயல்பு' என்ற கட்டத்தைக்
காலியாக விட்டிருக்கிறேன்.
தணிக்கையில் கேட்பார்கள்.

நேற்றுக் கொத்தனார் போன் செய்தார்.
பதினேழாம் எண் இரண்டு தூணில் இருக்கிறதாம்,
பதினெட்டைக் காணோமாம்.
எதை எங்கே நிறுத்த?

அது என் இலாகா இல்லை என்றேன்.
சாயங்காலம் போய்ப் பார்த்தேன்.