நூற்றுப் பதினாலாம் பக்கம்

முந்நூறு பிரதி அச்சிட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு இன்னும் காரின் பின்பெட்டியில்,
மழைக்கோட்டுக்கும் ஸ்பேர் டயருக்கும் நடுவே.
ப்ளஃப் மேட்டில் ஏறும்போது
வண்டி பின்னால் இழுக்கிறது.

பகலெல்லாம் பச்சை மை.
காற்புள்ளி எங்கே, ரெவி?
இந்த வாக்கியத்தில் யார் என்ன செய்தார்கள்?
இரவில், என் வாக்கியங்களில்,
ஒருத்தி கணவன் தூங்கும்போது படகேறிப் போகிறாள்.
"அது நீங்கள்தானே?" என்றார் தலைமையாசிரியர்,
தேநீர் இடைவேளையில், எல்லோர் முன்னும்.
இல்லை என்றேன்.
பாதி உண்மை.

சிப்பிப் பருவம் தொடங்கிய வாரம்
ரெவி இரண்டு நாள் வரவில்லை.
மூன்றாம் நாள்
கட்டுரை கேட்ட கையில் என் நாவலை வைத்தான்.
நூலகப் பிரதி. டீசல் வாடை.
நூற்றுப் பதினாலில் பென்சிலால்:

மிஸ் மெக்ரே கடல் வடியும்போது எதிரே தெற்குக் காற்று அடிச்சா
எங்க அப்பாவே படகை எடுக்க மாட்டார்
உங்க ஆளு எப்படிப் போனா

மூன்று எழுத்துப் பிழை.
ஒரு காற்புள்ளி கிடையாது.
பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.

எண்பத்தெட்டுப் பேர் வீட்டில்
அவள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டாள்.
மீதிப் பிரதிகளோடு துறைமுகத்தில் நிறுத்தி
ஓத அட்டவணையைப் பார்க்கிறேன்.
கடல் திரும்ப ஆறு மணி நேரம்.
அதுவரை அவளை எங்கே உட்காரவைப்பேன்,
குளிரில், ஒற்றைப் பையோடு?
ஐந்தரைக்கெல்லாம்
அவன் எழுந்துவிடுவானே.