மூன்றாவது வாளி

ஆரல்வாய்மொழியில் குப்பை எடுக்கிறவளுக்கு
முதல் எதிரி காற்று.
மனுசர் அதற்குப் பிறகுதான்.

ஆனி பிறந்தால் கணவாய் வாயைத் திறந்துவிடும்.
மூடியில்லாத வாளியை வாசலில் வைத்தவர்கள்
மூணாவது தெருவில் போய் வாளியைத் தேடுவார்கள்.
உள்ளே இருந்ததை யாரும் தேடுவதில்லை.
அது காற்றாலைக் கம்பிவேலியில் தொங்கும்:
பால் கவர், முறுக்கு கவர்,
ஏழெட்டு ஐம்பத்தினாலு என்று எழுதி
சிவப்பு மையில் அடி வாங்கின நோட்டுத் தாள்.
வேலி நீளத்துக்கும்
ஊரே துணி காயப்போட்ட மாதிரி.

பேட்டரி வண்டி ஆறேகாலுக்குப் புறப்படும்.
மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று
ஸ்பீக்கரில் ஒரு மெட்ராஸ்காரி சொல்லிக்கொண்டே வருவாள்.
எதிர்காற்றில் அவளுக்கு மூச்சு வாங்கும்.
நான் விசில்தான் ஊதுவேன்.
விசிலுக்குத்தான் கதவு திறக்கும்.

பச்சை வாளியில் மரச்சீனித் தோல், சாளைத் தலை,
சக்கை மடல், ஊசிப்போன ரசவடை.
நீல வாளியில் மீதி உலகம்.
இவ்வளவுதான் பாடம், நாலு வருசமாய்ச் சொல்கிறேன்.
சூளை மேஸ்திரி வீட்டில் மட்டும்
இன்னும் மீன்முள்ளோடு டார்ச் பேட்டரி வருகிறது.
"எல்லாம் மண்ணுக்குத்தானே எசக்கி போவுது?"
"இல்ல அண்ணாச்சி,
முதல்ல என் கைக்குத்தான் வருது."

கையுறை மாதம் ஒரு ஜோடி.
பதினைந்தாம் நாள் பெருவிரல் வெளியே வந்து
ஊரைப் பார்க்கும்.

பதினாலாம் நம்பர் வீட்டைச் சொல்ல வந்தேன்.
தாணுலிங்கம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர்.
பகவதி, கூட்டுறவு சங்கத்தில் கணக்கு.
ஊரிலேயே ஒழுங்காகத் தரம் பிரிக்கிற வீடு.
எண்ணெய்க் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து
மடித்துத் தருவாள்.
போன பொங்கலுக்குப் பேரூராட்சி
அவளைக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தது,
ஒரு பிளாஸ்டிக் குடம்.

வைகாசியில் ஒருநாள் அங்கே
மூன்றாவதாக ஒரு வாளி நின்றது.
சிவப்புப் பெயின்ட் வாளி, பிடி கிடையாது.
உள்ளே எல்லாம் கலந்து கிடந்தது:
சாம்பார் கட்டின கவர், பார்சல் இலை,
சவர பிளேடு, பாதி கடித்த புரோட்டா.
"பிரிக்கலையா அக்கா?"
"அது என் வாளி இல்ல."
நான் குப்பையைக் கேட்டேன்.

அப்புறம் தினமும் அப்படித்தான்.
அவள் பச்சை வாளியில் சாளைத் தலை ரெண்டு;
முன்பெல்லாம் ஏழோ எட்டோ.
அவர் வாளியில் முட்டைத்தோடு இல்லை,
ஆம்லெட் மடித்த பேப்பர் உண்டு.
வெள்ளிக்கிழமை ஒரே ஸ்கூட்டரில் கோவிலுக்குப் போகிறார்கள்,
அவள் கை அவர் தோளில்.
ஊர் அதைப் பார்க்கிறது.
நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.
கையில் எடுத்ததை வாயில் எடுக்கக் கூடாது,
இந்த வேலைக்கு அது ஒரு சட்டம்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள்
காற்று மூன்று வாளியையும் ஒன்றாகப் புரட்டியிருந்தது.
அவர் இலை, அவள் முருங்கைக் காம்பு,
தெரு நிறைய.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
அவர் ஒரு கவரைத் துரத்துகிறார்.
அது அவளுடையது, நல்லெண்ணெய்க் கவர், கழுவினது.
சுமைதாங்கிக் கல் பக்கம்
காலால் மிதித்துப் பிடித்தார்.
மண்ணைத் தட்டினார்.
கொண்டுவந்து நீட்டினார்.
அவள் வாங்கி
எதில் போடுவது என்று நின்றாள்.

விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.
"இங்க குடுங்க அக்கா" என்றிருக்கலாம்.
முப்பத்தெட்டு வீடு பாக்கி வேறு.
மெட்ராஸ்காரி மட்டும் நிறுத்தாமல்
மக்கும், மக்காத, மக்கும் என்றாள்.

சனிக்கிழமை ஆக்கர் கடையில் எடை போட்டோம்.
அட்டை, பாட்டில், கவர் என்று வரிசையாய் ஏறின.
கடைசியில் ஒரு சிவப்புப் பெயின்ட் வாளி,
அடியில் விரிசல்.
காற்று உடைத்ததா, காலா,
வேண்டாமென்று போட்டதா,
வேறு நல்ல வாளி வாங்கியாயிற்றா,
திங்கட்கிழமை அந்த வாசலில் தெரியும்.
கடைக்காரன் தராசு முள்ளைப் பார்த்தான்.
முக்கால் கிலோ.
ஒன்பது ரூபாய்.