குறுக்கே ஒரு கயிறு

வெட்டியது நான்தான்.
மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டிய மறுநாள்
ஏணியைச் சாய்த்து, கட்டிங் பிளேயரைப் பல்லில் கடித்து
எண்ணூர் விரைவுச் சாலைக்கு மேலே
பதினாறு வருஷமாய் நான் இழுத்துக் கட்டிய கேபிளையெல்லாம்
ஒரே காலையில் அறுத்துப் போட்டேன்.
வானம் சுத்தமாச்சு என்றார் கவுன்சிலர் வீட்டு ஆள்.
அந்தச் சுத்தமான வானத்தைச் சாயங்காலம்வரை
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

முதல் அணில், செவ்வாய்க்கிழமை.
கன்டெய்னர் லாரியின் கடைசிச் சக்கரமும் போன பிறகு
அது அணிலாக இல்லை.
தாரில் ஒட்டாத வால் மட்டும்
அடுத்த லாரி கிளப்பிய காற்றில்
எழுந்து எழுந்து படுத்தது.
வியாழனன்று இரண்டு.
சனிக்கிழமையிலிருந்து நாகபூஷணம் அக்கா எண்ண ஆரம்பித்தாள்,
சங்கரா கடன் எழுதும் அதே சிலேட்டில்
கீழோரமாய்ச் சின்னச் சின்னக் கோடு.

எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆனது.
அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரம், அதில் கூடு.
இந்தப் பக்கம் பூவரசு, ரேஷன் கடை, சிந்திய கோதுமை.
நடுவே எண்பதடி தார்.
சீரியலும் கிரிக்கெட்டும் ஓடுவதாக நான் நினைத்திருந்த கம்பியில்
இத்தனை நாளும் இவையும் ஓடியிருக்கின்றன,
சந்தா கட்டாமல்.

காசிமேட்டில் வலை பின்னுகிற தேசிங்கிடம் சொன்னேன்.
"இன்னாடா, அணிலுக்கு மேம்பாலமா?
எம்பொண்ணு ஸ்கூலுக்கு ரோடு தாண்ட
ஒரு வெள்ளைக்கோடு கேட்டு மனு குடுத்தேன்.
அப்போ அவ கைக்கொயந்த.
இப்போ ஆறாங்கிளாஸ்."
சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.
மறுநாள் அவனே
விசைப்படகில் கழித்துப்போட்ட கயிறு இரண்டு சுருள்
தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.
உப்பேறி விறைத்த கயிறு.
இரண்டுக்கும் நடுவே பழைய வலையைக் கோத்தான்.
தப்பக் கூடாது என்றே பின்னிய கை
விழக் கூடாது என்று பின்ன
மூன்று தரம் அவிழ்த்துக் கட்டியது.

"ராமருக்கு மண் சொமந்த கடன்..." என்று
டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்தார்.
அக்கா பேச்சை வெட்டினாள்:
"அந்தக் கடன் எப்பவோ தீந்துச்சு.
இது லாரிக்காரன் வெச்ச பாக்கி."

ராத்திரி ஒன்றரை மணி.
துறைமுக வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்ற நேரம்.
இரண்டு மரம், ஒரே ஏணி.
பிடித்தது அவன், ஏறியது நான்.
கன்டெய்னர் தலைக்கு மேலே ஐந்தடி விட்டேன்.
முடிச்சு மட்டும் அவன் கீழிருந்து சொல்லச் சொல்ல.

நான்கு நாள் யாரும் வரவில்லை.
காக்கை உட்கார்ந்து கழிந்துவிட்டுப் போனது.
ஐந்தாம் நாள் ஒரு எலி
வாடகை கொடுத்தவன்போல் நிதானமாய்க் கடந்தது.
தேசிங்கு சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

உதவிப் பொறியாளர் வந்தார்.
ஸ்கூட்டரை நிறுத்தி, "யார் அனுமதி கொடுத்தது?" என்றார்.
பதில் தேடி நான் தலையைச் சொறிந்தபோது
மேலே வலை லேசாய் அதிர்ந்தது.
பாதிவரை வந்தது.
டேங்கர் ஒன்று ஹாரனோடு அடியில் புகுந்ததும்
வயிற்றைக் கயிற்றோடு ஒட்டிக்கொண்டது.
பொறியாளர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை,
பேனாவைத் திறந்தபடியே நின்றார்.
டேங்கர் போனது.
அது திரும்பி ஓடிவிட்டது, வந்த மரத்துக்கே.

"நாளைக்கு வர்றேன்" என்றார்.
கயிற்றை அவிழ்க்கவா, அணிலைப் பார்க்கவா
என்று சொல்லவில்லை.

அக்கா சிலேட்டில் சங்கராவைத் துடைத்தாள்,
கோடுகளைத் துடைக்கவில்லை.

மணி எட்டே முக்கால்.
தேசிங்கின் மகள் பையோடு சாலையோரம் வந்து நின்றாள்.
வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம்.
மறுபடி வலப்பக்கம்.
பிறகு மேலே.