கப்பலுக்கு எழுதும் பட்டியல்

எண்ணெய் என்றாலே முதலில் எண்தான்.
பூஜ்ஜியம் டபிள்யூ நாற்பது.
ஐந்து டபிள்யூ நாற்பது.
பத்து டபிள்யூ முப்பது என்றும் ஒன்று உண்டு,
அது மரம் முளைக்கும் ஊர்க்காரர்களுக்கு.

ஏப்ரல். வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
கூட்டுறவுக் கடையின் பின்னறையில்
ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.
நுனாவுட்டின் இந்த மூலைக்குக் கப்பல் வருவது
ஆகஸ்டில், ஒரே ஒரு தடவை.
இன்று எழுத மறந்தது
அதற்கடுத்த ஆகஸ்டில்தான் கரை சேரும்.

ஊரில் நாற்சக்கர வண்டி தொண்ணூற்று மூன்று.
எந்தக் கம்பெனி செய்தாலும் ஹோண்டா என்றுதான் பேர்.
மஞ்சள் ஹோண்டா, சிவப்பு ஹோண்டா,
பாதிரியாரின் ஒற்றைக் கண் ஹோண்டா.
பாறை, பாசி, பனிக்கூழ், ஆற்றுப் படுகை
எல்லாவற்றுக்கும் அதுவே கால்.

ஆளைத் தெரிந்தால் எண்ணெய் தெரியும்.
கூமுக் ஜனவரியிலும் கிளப்புவார்: பூஜ்ஜியம்.
மலைஜா முதல் பனிக்கே தார்ப்பாய் போட்டு மூடிவிடுவாள்:
ஐந்தே போதும், விலையும் குறைவு.
அலாஸுவாவின் வண்டி குடிகார வண்டி,
குடித்ததையெல்லாம் நீலப் புகையாகத் திருப்பித் தரும்:
இரண்டு பெட்டி கூடுதல்.

போன வருஷம் நான் எண்ணை மட்டும் பார்த்தேன்.
முன்பக்கம் சரியான எண். பாதி விலை.
முப்பது பெட்டி எழுதிவிட்டு
சிக்கனக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.
பின்பக்கம், எறும்பு எழுத்தில்,
காருக்கு என்று இருந்தது.
வழுக்குவதற்கென்றே மருந்து கலந்த எண்ணெய்.
காருக்கு நல்லதுதான்.
ஹோண்டாவின் கிளட்சோ
எஞ்சினோடு ஒரே எண்ணெயில் குளிக்கிறது,
அதற்குப் பிடிமானம் வேண்டும்.
செப்டம்பரில் ஊரே உறுமியது. நகரவில்லை.

நிங்கியோக் பதினொரு கிலோமீட்டர் நடந்து வந்தார்.
வண்டியும் வலையும் ஒரு சாக்கு மீனும் ஆற்றங்கரையில்.
ஒரு சொல் சொல்லவில்லை.
புட்டியைக் கல்லாமேல் வைத்தார்,
பின்பக்கம் என் பக்கமாக.
மீனைக் கரடி எடுத்துக்கொண்டது.
சீட்டையும் கொஞ்சம் தின்று பார்த்திருந்தது.

இப்போது மேஜைமேல் பூதக்கண்ணாடி இருக்கிறது.

ஃபில்டரில் மலிவு என்பது காகித மடிப்பில் தெரியும்.
அசலையும் மலிவானதையும் அறுத்துப் பார்த்தேன்,
சீல் மாமிசம் வெட்டும் உலுக் கத்தியால்.
அசலில் மடிப்பு ஐம்பத்திரண்டு.
மற்றதில் முப்பத்தொன்பது,
ஒரு மூலையில் பசை ஒட்டவே இல்லை.
அக்கா இன்னும் அந்தக் கத்தியைத் தொடுவதில்லை.
காற்று ஃபில்டர் விஷயத்தில் வாதமே கிடையாது:
ஜூலைச் சரளைச் சாலையில் ஒரு வாரம் ஓட்டியவர்
தன் பல்லிடுக்கைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வண்டிக்கு இரண்டு எண்ணெய் ஃபில்டர், அது கணக்கு.
நேற்று ஜேப்பூட்டி வந்தார். தேயிலை வாங்கினார்.
போகையில் கதவைப் பிடித்துக்கொண்டே,
"எனக்கு இந்தத் தடவை ஒன்று போதும்" என்றார்.
குளிர் உள்ளே வந்தது.
வண்டியை விற்கிறாரா,
தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கா,
கேட்கவில்லை.
ஒன்று என்று எழுதினேன்.
ரப்பரால் தேய்த்தேன். தாள் அங்கே மெலிந்துவிட்டது.
மெலிந்த இடத்தில், கிழியாதபடி,
இரண்டு என்று எழுதினேன்.

ஃபேக்ஸ் மெஷின் தாளைப் பாதி விழுங்கியபோதுதான்
ஞாபகம் வருகிறது: வாஷர்!
எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் அடியில்
உட்காரும் செம்பு வளையம்.
கட்டைவிரல் நகமளவு. சில்லறைக் காசு.
அது இல்லாவிட்டால்
இத்தனை எண்ணி எண்ணித் தேர்ந்த எண்ணெயும்
சொட்டுச் சொட்டாகப் பாசிக்குத்தான்.

தாளின் வாலைப் பிடித்து இழுக்கிறேன்.
மெஷினும் இழுக்கிறது.