காகிதத் திரை

இன்று நான்தான் கணினி.
மூன்று மணிக்கே இருட்டிவிட்ட ஔலுவின் டிசம்பரில்,
வடிவமைப்புத் துறையின் இரண்டாம் மாடியில்,
திரை என்பது ஒரு ஏ4 தாள்;
பொத்தான்கள், நான் கத்தரித்த மஞ்சள் துண்டுகள்.

அடுக்ககத்துச் சவுனாவுக்கு முறை பதியும் செயலி.
சோதிக்க வந்திருப்பவர் ராய்லி,
எட்டாம் எண் பேருந்தின் ஓட்டுநர்.
கூலி: ஒரு சினிமா டிக்கெட், ஒரு காபி.

"நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்"
என்கிறான் யல்மாரி, விதிப்படி.
தலையாட்டுகிறார்.
அப்புறம் ஒன்பது நிமிடம்
ஒரு சொல் இல்லை.

விரல் மட்டும்
நாட்காட்டியைத் தாண்டி, பட்டியலைத் தாண்டி,
ஓரத்தில் நான் அழகுக்கு வரைந்த
அடுப்பின் மேல் போய் அழுத்துகிறது.
இன்னொரு முறை. இன்னும் பலமாக.
அதற்கு மாற்ற என்னிடம் துண்டு இல்லை.
உதவக் கூடாது; கணினிக்கு
முகம் சிவக்கவும் கூடாது.

"மன்னிக்கணும்" என்றார், தாளிடம்.
"எனக்கு இதெல்லாம் வராது."
உறைபனிச் சாலையில் பதினெட்டு மீட்டர் வண்டியை
வளைத்துத் திருப்புகிறவர்.

யல்மாரி குறித்துக்கொண்டான்: பயனர் பிழை, மூன்று.

அவர் போன பிறகு பார்த்தேன்,
அடுப்பின் மேல் காபி ஈரத்தில் ஒரு விரல்.
வேறு தாள் எடுக்கலாம் என்றான்.
நான் பென்சிலை எடுத்து
கறையைச் சுற்றிக் கோடு போட்டேன்,
பொத்தான் அளவுக்கு.